உன் வாயில் நான் வைத்த சொல்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, விடுதி வரவேற்பறையில் மாட்டியிருக்கும் உன் படத்தைத் துடைத்தேன். பத்து மணிக்கு வீடியோ எடுக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு தூசிகூட இருக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. துடைக்கும் திரவத்தில் எலுமிச்சையின் போலி வாசனை. படத்துக்குக் கீழே பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்: ‘எங்களுக்கு எதுவும் வேண்டாம். நாங்கள் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.’ நீ அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வாக்கியம் என்னுடையது.

நீ இங்கே சமைத்தாய், நான் மேலாளர். ஊர்ப் பெயரால் என்னைப் ‘போளூரு’ என்றே கூப்பிடுவாய். சனிக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள. புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவார்கள். அரை மணி கழித்து, வெந்நீர் வரவில்லை என்று என்மேல் எரிந்து விழுவார்கள்.

“சந்தோசத்தக் கத்துக்கினாங்களே, அதுக்குள்ள இன்னாவாம்?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் உன்னை வட்டத்துக்குள் அழைத்தார். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நீ யோசித்துத்தான் பதில் சொன்னாய்.

“காலு ஒடிஞ்சி கெடந்த வருசம் நான் யாரு நெலத்துக்கும் ஆள் போவல. ஆள் போவாதவ நெலத்துக்கு யாரு வருவா? சாம முத்தி உதிருது. ஒரு நாள் காலைல பாக்கறேன், பதினோரு பேரு அருவாளோட நிக்கிறாங்க. நான் கூப்புடவே இல்ல. அன்னிக்கு சந்தோசமா இருந்தேன். இன்னொரு வாட்டி அப்புடி இருக்கணும்னா, எங்க ஊருக்கு மழையிலயும் ஜீப்பு வர்ற ரோடு வரணும். அத அவங்ககிட்ட சொல்லு.”

உங்கள் ஊரில் அறுப்புக்குக் கூலி கிடையாது, இன்று அவள் நிலம், நாளை என் நிலம் என்று நீ முன்பே எனக்குச் சொல்லியிருந்தாய். அதனால் அந்தப் பதினோரு பேர் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விழுங்கினேன். விருந்தாளிகள் முன்னால் ரோடு, குறை என்று பேசினால் முதலாளியின் முகம் சுருங்கும். வட்டத்தில் எல்லோரும் ஈரக் கண்களோடு காத்திருந்தார்கள். அவர்கள் எதைக் கேட்க வந்தார்களோ அதைச் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு பெண் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“இன்னா சொன்ன போளூரு, இந்தத் தட்டு தட்றாங்க?”

“நீ சொன்னதைத்தான்.”

“அப்ப ரோடு வந்துடும்போலக்குதே” என்றாய்.

அடுத்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. ஜீப் ஏற முடியாத சேற்றில், மூங்கிலில் போர்வையைக் கட்டி உன்னைத் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் அந்த அறுப்புக்கு வந்தவர்களாம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது உடம்புதான்.

நான் சொல்லியிருந்தால் ரோடு வந்திருக்கும் என்று நம்பவில்லை. அவர்கள் உன் சாமைப் பாயசத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் நீ கேட்டதாகவாவது இருந்திருக்கும். இல்லாமையை மகிழ்ச்சி என்று விற்கிறவர்களைப் பார்த்து எனக்கு வருகிற அருவருப்பில் பெரும் பங்கு என்மேல்தான்.

இப்போது உன் மகள் சமைக்கிறாள். இன்று அவள் கேமரா முன்னால் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், நான் ஆங்கிலமாக்க வேண்டும். “அவங்க அம்மா சொன்னதையே சொல்லட்டும் மேடம். நேச்சுரலா இருக்கும்” என்றார் முதலாளி.

சற்றுமுன் அவள் வந்து நின்றாள்.

“சின்னம்மா, எங்கம்மா எதுவும் வேணாம்னா சொல்லிச்சு? வூட்ல ரோடு ரோடுன்னுதான பேசும்.”

“போய்ப் புடவை மாத்திக்கினு வா” என்று மட்டும் சொன்னேன்.

மணி ஒன்பதே முக்கால். கீழே விளக்குகளைப் பொருத்துகிறார்கள். நீ அன்று சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. முதலாளியிடம் சொல்லவில்லை, உன் மகளிடமும் சொல்லவில்லை: கேமரா ஓடத் தொடங்கியதும் அவள் வாய் திறப்பதற்குள் நான் பேசப் போகிறேன். கால் ஒடிந்த வருடத்தில் தொடங்கி ரோடு வரைக்கும், நீ சொன்ன வரிசையிலேயே. முதலில் அவளுக்காகத் தமிழில். பிறகு ஆங்கிலத்தில்.