முதல் தண்ணீர்

நவம்பர் 17, திங்கள்

மூடுபனி. கா. 8 வரை எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கொடியில் போட்டது எதுவும் இன்று காயாது.

முதலில் ஒரு திருத்தம். என் வீட்டுத் துவைக்கும் மெஷின் என் விரல்களைக் கடித்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடிக்கவில்லை. என் விரல் துணி பிழியும் உருளைக்குள் போகவே இல்லை. இரண்டு உருளைகளையும் பிரித்துவிட மேலே ஒரு நெம்புகோல் உண்டு. அவசரத்தில் அதை அடித்தேன். அது எகிறி இடது மோதிர விரல் நகத்தில் பட்டது. நகம் கறுத்திருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. பால்காரர் வாசலில் நின்று, "நாலு விரலும் பூடுச்சாமே?" என்றார். கையை நீட்டி எண்ணச் சொன்னேன். எண்ணினார்.

நடந்தது வியாழக்கிழமை. கோயில் துணி நாள். ஃபாதரின் வெள்ளை அங்கியோடு அதன் இடைக்கயிறும் சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. மறுபக்கம் துணி வாங்கிக்கொண்டிருந்த, வீட்டு வேலைக்கு வரும் மல்லிகாவின் மணிக்கட்டில் சுருக்கு விழுந்தது. நெம்புகோலை அடித்தேன், உருளைகள் பிரிந்தன. அவளுக்கு இரண்டு வளையல் நஷ்டம், எனக்கு ஒரு நகம். மெஷின் செய்ய வேண்டியதைச் செய்தது.

நேற்றுப் பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார். பிலோமினா அம்மாவின், அதாவது என், நாற்பது ஆண்டு சேவைக்கு நன்றி. இனி அவர் ஓய்வெடுக்கட்டும். சாமியார் பங்களாவுக்கு யாரோ புது மெஷின் கொடுத்திருக்கிறார்கள், கோயில் துணி இனி அதில். எல்லோரும் கைதட்டினார்கள். கோயிலுக்குள் கைதட்டல். என்னிடம் யாரும் முன்பே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாங்க: ஊதா சோப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி.

நவம்பர் 18, செவ்வாய்

பனி. இடுப்பு வலி. கஞ்சி மட்டும்.

வாணியம்பாடியிலிருந்து மகள் ஜெனிட்டா போன். "இன்னும் எதுக்கும்மா அந்த இரும்பைக் கட்டிக்கினு அழற? வூட்டுக்கு வா, இங்க பொத்தானை அழுத்தினா முடிஞ்சுது." நான் அழவில்லை. போன கோடையில் அவள் வீட்டில் மூன்று வாரம் இருந்தபோது அவளுடைய மெஷினைக் கடிகாரம் வைத்துக் கவனித்தவள் நான். நியாயமாகவே எழுதுகிறேன்.

புதியது: தண்ணீர் குறைவு. முக்கால் உலர்ச்சியோடு வெளியே வருகிறது; பனிக்காலத்தில் இது பெரிய விஷயம். நிற்க வேண்டாம், தூக்க வேண்டாம். பொத்தான் உடையாது. ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது, நடுவில் திறக்க விடாது. ஒரு கைக்குட்டையை மறந்துவிட்டால் கண்ணாடிக் கதவின் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். அழுக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று காட்டாது. நேராகச் சாக்கடைக்கு.

பழையது: பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு தொட்டி. ஒரே நுரையில் வெள்ளை, பிறகு வண்ணம், கடைசியில் மிதியடி. உருளையில் கொடுத்தால் போர்வை அப்பளம்போல் வரும். ஆனால் பொத்தானை உள்பக்கம் மடித்துக் கொடுக்க வேண்டும், கயிறு, ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கை வேண்டும், கண் வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். குழாயை எங்கே இழுத்துவிடுகிறோமோ அங்கே தண்ணீர் போகும்.

மடத்து ஆஸ்பத்திரி மூடியபோது வெளிநாட்டுச் சகோதரிகள் விட்டுப்போன மெஷின். அங்கே துணி அறைக்கு நான் பொறுப்பு, என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். உருளை தேய்ந்தபோது வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு உருளைகளுக்கு ரப்பர் ஏற்றுகிற பாயிடம் கொண்டுபோனார். "ஆட்டுத்தோலையே பிழியுது, சாமியார் சட்டை இன்னா கணக்கு" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தாராம். கரண்ட் போகிற ஊர் இது என்று உருளைக்கு ஒரு கைப்பிடியும் இவரே பொருத்தினார். அவர் போய் ஒன்பது வருடம். ரப்பர் இன்னும் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

தூறல். மல்லிகா கா. 9.30க்கு. அரை மணி தாமதம். கேட்டேன். குழாயடியில் நின்று பேசவேண்டி வந்ததாம்.

பேச்சு இதுதான்: "கெழவி கையை நசுக்கினவ வந்துட்டாடி."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு பாத்திரம் தேய்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு: "பங்களாவுல துணி வேலைக்கு என்னிய கூப்பிட்றதா இருந்துச்சும்மா. மாசச் சம்பளம். இப்ப வாணாம்னுட்டாங்களாம். கவனம் பத்தாதாம் எனக்கு."

தேங்காய் மட்டை போதுமா என்று கேட்டேன்.

இதை இங்கேயாவது எழுதுகிறேன். எங்கள் வீட்டு விதி: துணியைச் சோதித்து உருளையில் கொடுப்பவள் நான். மறுபக்கம் வாங்குபவள் மல்லிகா. பதினோரு வருடமாக அப்படித்தான். அங்கியும் வெள்ளை, கயிறும் வெள்ளை. நான் பார்க்கவில்லை. தெரியவில்லை என்பதுதான் சரி. கண்ணில் புரை. ஜெனிட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று கயிறு சுற்றியதும் என் வாயில் வந்தது, "கயிற்றை எடுக்கவில்லையா நீ?" உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் ஊருக்குக் கேட்டது.

அவள் அப்போதும் மறுத்துப் பேசவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

தூக்கம் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

மழை, காற்று. மா. 4க்குக் கரண்ட் போயிற்று. மலைப்பாதையில் மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். நாளை மாலைக்குள் வராது என்கிறார்கள். ஞாயிறு கிறிஸ்து அரசர் திருநாள்.

நவம்பர் 22, சனி

மதியத்துக்குமேல் மழை விட்டது. குளிர். களைப்பு, ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கா. 7க்குப் பங்களா சமையல்காரர் ஆரோக்கியம் வந்தார், முகம் வெளுத்து. நேற்று மாலை கோயில் துணிகளைப் புது மெஷினில் போட்டிருக்கிறார். சுற்ற ஆரம்பித்ததும் கரண்ட் போயிற்று. துணி உள்ளே, தண்ணீர் உள்ளே, கதவு பூட்டியபடி. ஃபாதர் சந்தவாசல் பக்கம் ஒரு அடக்கத்துக்குப் போனவர், பாதை அடைத்ததால் அங்கேயே. நாளைப் பூசைக்குத் துணி இல்லை.

"நான் இன்னாம்மா பண்றது? துறக்க மாட்டேங்குது. உடைச்சா ஃபாதரு என்னிய உடைப்பாரு."

கேட்டேன்: திருமேனித் துகிலையும் கிண்ணம் துடைக்கும் துணிகளையும் முதலில் தனியாக நனைத்தீர்களா?

"எதம்மா?"

இதற்குத்தான் பயந்தேன். அந்தத் துணிகள் பூசையில் அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிப்பவை, கிண்ணம் துடைப்பவை. ஆண்டவரின் உடலாகிற அப்பத்தின் துகள் அவற்றில் இருக்கலாம், இரத்தமாகிற திராட்சை ரசத்தின் துளி இருக்கலாம். அதனால் முதலில் தனிப் பாத்திரத்தில் அலசி, அந்த முதல் தண்ணீரை மண்ணில், செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். சாக்கடைக்குப் போகக் கூடாது. என் வீட்டில் மாதுளை அடியில் ஊற்றுவோம். நாற்பது வருடமாக.

மல்லிகா வந்ததும் குடை பிடித்துக்கொண்டு மூவரும் பங்களாவுக்கு. மெஷினோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் பிரிக்காமல் கிடந்தது. ஆங்கிலம். ஆங்கிலம் எனக்கா பெரிய காரியம் என்று வாங்கிப் பிரித்தேன். எழுத்து எறும்புபோல் ஓடியது. ஜன்னல் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. ஆரோக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மல்லிகா என் கையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். படங்களை மட்டும் புரட்டினாள். "யம்மா, இந்தா, கீழே ஒரு சின்னக் கதவு போட்டுக்கிறான். உள்ள குழா கீது பாருங்க." தரையில் உட்கார்ந்து மெஷினின் அடிப்பக்க மூடியை நகத்தால் நெம்பினாள். விரல் பருமனில் ஒரு குழாய், முனையில் அடைப்பான். பேசினைக் கொண்டுவரச் சொன்னேன். அடைப்பானை எடுத்ததும் தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. நுரை அதிகம், சோப்புத் தூளை அளக்காமல் போட்டிருக்கிறார். ஆனால் முதல் தண்ணீர். ஒரு துளி சாக்கடைக்குப் போகவில்லை, கரண்ட் போனதால்.

ஆறு பேசின். கோயில் பின்புறம் நாரத்தை மரத்தடிக்கு மல்லிகா சுமந்தாள். நான் மரத்தடியில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் மரத்துக்கு நான்கடி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். எங்கள் மாதுளைக்கும் அப்படித்தான். அவள் மலைக்காரி, எங்கள் வேதம் அல்ல. செருப்பைக் கழற்று என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருமுறை கேட்டேன், ஏன் என்று. "சாமித் தண்ணி ஊத்துற எடம் தானே" என்றாள்.

தண்ணீர் வடிந்ததும் அதே மூடிக்குள் ஒரு பட்டையை இழுத்தாள். கதவு திறந்தது.

ஆரோக்கியத்துக்குக் கோபம். "மரத்துக்கு ஊத்தணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேனேம்மா. யாருக்குத் தெரியும் இதெல்லாம்?"

யாருக்கும் சொல்லவில்லை நான். என்னோடு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

துணிகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு தடவை அலசல். கைப்பிடியைப் போட்டு உருளை. இடம் மாறிக்கொண்டோம்: நான் சுற்றினேன், மல்லிகா சோதித்துக் கொடுத்தாள். அங்கியின் கழுத்தில் ஒரு குண்டூசியைப் பிடித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் கொடுத்திருந்தால் ரப்பர் கிழிந்திருக்கும்.

பெரிய துணிகளுக்கு என் கை போதவில்லை. பாதியில் நிறுத்தி நிறுத்திச் சுற்றினேன். கரிப்பெட்டியில் இஸ்திரி. மா. 6க்கு முடிந்தது.

அவள் கிளம்பும்போது சொன்னேன், வாசற்படியில்: "மல்லிகா, அன்றைக்குக் கயிற்றை விட்டது நான்."

"தெரியும்மா" என்றாள். "போய்ட்டு வர்றேங்க."

நவம்பர் 23, ஞாயிறு

வெயில்! கரண்ட் விடியற்காலையில்.

பீடத்தில் துணி வெள்ளை. ஒரு ஓரம் ஈரம், அது எனக்கு மட்டும் தெரியும்.

பூசை முடிந்து ஃபாதர் என் கையைப் பிடித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அந்த மெஷினுக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுவிடலாம் என்றார். நல்ல பையன். முப்பத்திரண்டு வயது. துணியைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். ஆரோக்கியத்திடம் சொல்லி அனுப்புங்களேன் என்றார்.

சொல்லி அனுப்ப மாட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

பனி இல்லை. ஃபாதருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், ஒரு பிரதி இங்கே. கோடு போட்ட தாளில் பெரிய எழுத்தாக.

மதிப்புக்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

கோயில் துணி வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்ததாக அறிவித்தீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். புது மெஷின் நல்ல மெஷின். என் உருளையைச் சுற்ற எனக்கே இனி பலமில்லை.

ஆனால் ஊரில் நிலவும் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். அங்கியின் கயிற்றைக் கவனிக்காதவள் மல்லிகா அல்ல. நான். எனக்குக் கண்ணில் புரை. பழி அவள்மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். இதை வரும் ஞாயிறு அறிவிப்பில் படிக்க உங்களுக்கு அனுமதி தருகிறேன். கைதட்டல் வேண்டாம்.

திருமேனித் துகிலும் கிண்ணத் துணிகளும் மெஷினுக்குப் போகுமுன் தனியே அலசப்பட வேண்டும் என்பதும், அந்தத் தண்ணீர் மண்ணுக்கே போக வேண்டும் என்பதும் நீங்கள் குருமடத்தில் படித்தது. ஆரோக்கியத்துக்கு நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்த வேலையைப் பதினோரு வருடமாக என்னோடு நின்று, ஒருமுறைகூடத் தவறாமல் செய்தவள் மல்லிகா. சனிக்கிழமை உங்கள் மெஷினைத் திறந்தவளும் அவள்தான். முதலில் பேசிய சம்பளத்துக்கே அவளைப் பங்களாவின் துணி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். முதல் தண்ணீரும் அவள் கையால்.

அவள் ஞானஸ்நானம் பெற்றவள் அல்ல. அது தடையா, இல்லையா? தடை என்றால் காரணத்தோடு.

வாய்ச்சொல்லாக யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் தரவும். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.