துணிக்கொடியில் பாடிய ரேடியோ

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ அக்கா வீட்டுக்குப் போன மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த பழைய வால்வு ரேடியோ பாடிவிட்டது. மேஜையையும் காலி செய்துவிட்டேன்.

ஆன்டெனாவுக்குத்தான் நாயாய் அலைந்தேன். கடையில் வாங்கிய கம்பியில் வெறும் இரைச்சல். ஜன்னலில் கட்டிய ஒயரில் அதைவிட இரைச்சல். கடைசியில் மாடியில் நீ கட்டிய கம்பித் துணிக்கொடியில் இணைத்தேன், கணீரென்று பேசியது. கம்பி சுவரில் படாமல் இரு முனையிலும் நைலான் கயிறு போட்டிருக்கிறாயே, அதனால்தான் சிக்னல் சுவரில் இறங்கி வீணாகவில்லை.

"இதெல்லாம் ஒரு கட்டா?" என்று நீ அதைக் கட்டிய அன்று சிரித்தேன்.

"சுவத்துல உரசினா துரு பிடிச்சு துணியெல்லாம் கறையாயிடும்" என்றாய்.

உன் கைக்கு நன்றி.

ஈரத்துணி போட்டால் மட்டும் சத்தம் அமுங்கிவிடுகிறது. அதனால் என் சட்டைகள் நாற்காலியில் காய்கின்றன.

நீ வந்து உன் துணிகளைக் கொடியிலேயே போடு. ரேடியோ வாயை மூடிக்கொண்டு கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வால்வுப் பைத்தியம்