அத்தையிடம் நான் கேட்ட மன்னிப்பு

அத்தை, இன்று காலை குடவாசல் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்தார். அந்த வாசனைக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது நான் வாங்கிவந்தது இரண்டு கிலோ. என்ன தப்பு செய்தேன் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அந்த மார்கழியில் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஊரே போர்த்திக்கொண்டு கிடக்க, நீங்கள் ஃபேனுக்கு அடியில் வேர்த்துக்கொண்டிருந்தீர்கள். சோறு வடிக்கும்போது அழுதீர்கள். மாமியார் அழுதால் நம் பக்கத்தில் முதல் சந்தேகம் மாப்பிள்ளைமேல்தான். தலைதீபாவளி மோதிரத்தைக் குறை சொன்னேனா என்று செல்வி, உங்கள் மகள், என்னைக் குடைந்தாள். நான் அறுவடை மெஷின் மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம். சொல்லியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம்.

உங்கள் தம்பி பஞ்சாயத்துக்கு வந்தார். "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா மனசு நோவுற மாதிரி எதாவது சொல்லிட்டீங்களா? எதுக்கும் ஒரு வார்த்தை மன்னிப்புன்னு சொல்லிடுங்க."

சொன்னேன். பழத்தையும் நீட்டினேன். மாப்பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லையே என்று நீங்கள் இன்னும் அதிகமாக அழுதீர்கள். மன்னிப்பையும் நான் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் அவர் முறைத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எஞ்சின் சத்தம் மாறினால் டிரைவரைத் திட்டி என்ன ஆகும்? எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "அத்தை, உங்களுக்குப் பீரியட்ஸ் நின்னு எத்தனை மாசமாச்சு?"

செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். உங்கள் தம்பி வாசலுக்குப் போய் டிராக்டர் டயரை ஆராயத் தொடங்கினார்; அது பக்கத்து வீட்டு டிராக்டர்.

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "தை வந்தா ஒரு வருஷம், மாப்பிள்ளை. அதுலேருந்துதான் இப்படி. காலைல முழிச்சா, ஏன் முழிச்சோம்னு இருக்கு. இதப் போயி யாருகிட்ட சொல்றது?"

மறுநாளே கும்பகோணத்துக்கு அழைத்துப்போனேன். இந்த வயதில் பலருக்கு வருவதுதான், மருந்தும் பேச்சுமாகச் சரியாகும் என்றார் மனநல டாக்டரம்மா. சித்திரை வந்தபோது, நான் வைத்த மீன்குழம்பில் புளி தூக்கல் என்று திட்டினீர்கள். அன்றைக்குச் செல்வி அழுதாள், சந்தோஷத்தில்.

அப்புறம் நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தீர்கள். நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்ச்சேர்ந்தது வேறு விஷயம். அதையும் அந்த மார்கழி அழுகையையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்களோடு இன்னும் சண்டை போடுகிறேன்.

இப்போது என் அம்மா மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தூக்கமில்லை, அடுப்படியில் நின்று அழுகிறாள். நான் என்ன செய்தேன் என்று வீடே விசாரிக்கிறது. காலில் விழச் சொல்கிறார் அப்பா.

விழவில்லை, அத்தை. அதே டாக்டரம்மாவிடம் நாளைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.