தொடர்பு கொள்ளக்கூடாது

5 மார்ச் 2019, செவ்வாய்

மழை, காற்று. மெத்ரோ வாசலில் குடை முறிந்தது. புதிய நீதிமன்றக் கட்டடம், வெளியே கண்ணாடி, உள்ளே விமான நிலையம். பழைய இடத்தில் படிகள் முழங்காலைக் கொன்றன, இங்கே தூரம் கொல்கிறது.

இன்றைய மொழிபெயர்ப்பு: ஒரு தமிழ் ஆள். கே. என்று வைப்போம். 38 வயது, லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடைக்குச் சாமான் இறக்குபவர். சாமான் வான் வண்டியை நிறுத்திய இடத்தால் வி. ஐயாவோடு வாய்த்தர்க்கம். ஐயாவுக்கு 66. ஊரில் இரண்டு பேர் வீடும் ஒரே ஒழுங்கையில். ஐயா தாயை இழுத்துப் பேச, கே. பிடித்துத் தள்ள, ஐயா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பொலிசைக் கூப்பிட்டது மேல்மாடி வெள்ளைக்காரி.

நீதிபதி: வழக்கு ஏப்ரல் 4. அதுவரை வெளியே இருக்கலாம். ஒரே நிபந்தனை, வி. ஐயாவோடு எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக்கூடாது. மீறினால் மறியல், சிறைதான். அவர் பிரெஞ்சில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். "ஓம், ஓம்" என்று கே. தலையாட்டினார். விளங்கியதா என்று நீதிபதி கேட்டார். அதற்கும் ஓம்.

வரும் வழியில்: முருங்கைக்காய், கறிவேப்பிலை, பிட்டு மா. மகளுக்கு ஷாம்பூ மறந்துபோனது.

8 மார்ச், வெள்ளி

வெயில் மாதிரி ஒன்று. இரண்டாம் மாடிக் காப்பி மெஷினடியில் லின். சீன மொழிபெயர்ப்பாளர், வென்ஜோக்காரி, என்னைவிட ஐந்து வயது மூப்பு. ஆட்களின் பெயர் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை நிபந்தனையைச் சொன்னேன். சிரித்தாள்.

"எங்கள் பழைய காலத்து நீதிபதி நேரெதிராகச் சொல்லியிருப்பார். போ, அந்தப் பெரியவர் வீட்டில் குனிந்து மன்னிப்புக் கேள், பிறகு வந்து என்னிடம் சொல் என்று."

கன்பூசியஸ் வழியில் வழக்குக்குப் போவதே வெட்கக்கேடாம். மன்றம் காலியாகக் கிடந்தால்தான் நல்ல அதிகாரி. யார் செய்தது என்பதைவிட யாருக்கு யார் என்ன முறை என்பதுதான் முதல் கேள்வி. இங்கே முறையாவது கிறையாவது. முதலில் பிரித்து வை, பிறகு விசாரி.

எனக்குச் சந்தோஷம். எங்கடை ஆட்களும் அப்படித்தானே! பிறகு கேட்டேன், பெரியவர் இளையவனைத் தள்ளியிருந்தால்?

"தண்டனை குறைவு. இளையவன் தள்ளினால் அதிகம்."

"புருசன் பெண்சாதியை அடித்தால்?"

லின் காப்பிக் கோப்பையை நசுக்கினாள். "என் அம்மா ஒரு தடவையும் வென்றதில்லை."

அக்காவின் ஞாபகம் வந்தது. அத்தான் கைநீட்டும்போதெல்லாம் மாமாமார் கூடியிருந்து, தேத்தண்ணி குடித்து, சமாதானம் பேசி, அவளை அவனோடேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை. அன்றைக்கு யாராவது ஒரு நீதிபதி, தொடர்பு கொள்ளக்கூடாது என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

வீட்டில் சுடுதண்ணீர் இல்லை, திருத்த வேண்டிய காஸ்காரன் இன்றும் வரவில்லை. பச்சைத்தண்ணீரில் முகம் கழுவல்.

18 மார்ச், திங்கள்

லா ஷப்பல். வெண்டிக்காய் முற்றல், வாங்கவில்லை. கடை வாசலில் கே. பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது. நேற்று பியர்ஃபித்தில ஐயா வீட்டுக்குப் போய் அவரைப் பாத்தனான். பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு போனனான்."

பையைக் கீழே வைத்தேன். "நீதிபதி என்ன சொன்னவர்?"

"சண்டைக்குப் போகக்கூடாது எண்டுதானே அக்கா? நான் மன்னிப்புக் கேக்கத்தானே போனனான். ஐயா அழுதவர். நானும்தான். கை முறிஞ்சு கிடக்கிற மனிசனைப் போய்ப் பாக்காட்டி நானென்ன மனிசனே?"

மொழிபெயர்ப்பாளர் புத்தி சொல்லக்கூடாது. அதையும் மீறி, "உங்கடை சட்டத்தரணிக்கு இண்டைக்கே சொல்லுங்கோ" என்றேன். "ஓம், ஓம்" என்றார். இந்த ஓம் எனக்குப் பழக்கம்.

விளங்காத ஆளில்லை. நோய் வருத்தம் பார்க்கப் போவதை ஒருவர் தடுக்க முடியும் என்பதுதான் அவர் மண்டையில் ஏறவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள் லெ பிளாங்-மெனிலில். மறியலுக்குப் போனால் வேலையும் போகும்.

21 மார்ச், வியாழன்

தடிமன், மூக்கடைப்பு. கொத்தமல்லித் தண்ணீர். ஊர், பெயர் சொல்லாமல் மகளிடம் கதையைச் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சே லா லுவா, மமோன்." சட்டம் சட்டம்தானாம். பிறந்தது இங்கே, பிறகென்ன.

ஏப்ரல் 4ஐ வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா? மற்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். போன முறை யாழ்ப்பாணத்து ஆள் பேசப் பேச முழித்துக்கொண்டு நின்றார். நானே போகிறேன். பயமாக இருக்கிறது. ஒருவேளை கே. போய்ப் பார்த்த பேச்சே எழாது.

4 ஏப்ரல், வியாழன்

குளிர். மெத்ரோ பதின்மூன்றில் நெரிசல், கோட்டுப் பொத்தான் ஒன்று போனது.

கே. புதுச் சேர்ட். தள்ளியதை ஒத்துக்கொண்டார். சட்டத்தரணி நன்றாகப் பேசினார்: முதல் குற்றம், குடும்பஸ்தன். மூன்று நீதிபதிகள், நடுவில் இருந்தவர் பெண், முகத்தில் கடுமை இல்லை. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். பிறகு வி. ஐயாவிடம், ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

ஐயா கட்டுப்போட்ட கையோடு எழும்பினார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நாங்கள் சமாதானமாப் போயிட்டம். இவன் என்ரை வீட்டைத் தேடி வந்தவன். பழம் கொண்டு வந்தவன். என்ரை மனிசி குடுத்த தேத்தண்ணி குடிச்சவன். பெடியன் நல்லவன். இவனை விட்டுவிடுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சமாதானம், நல்லவன், விட்டுவிடுங்கள். அந்த மூன்றை மட்டும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழத்தையும் சொன்னேன்.

நீதிபதி: "எப்போது வந்தார்?"

தமிழில் கேட்டேன். ஐயாவுக்குப் புளுகம், முகமெல்லாம் சந்தோஷம். "மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்!"

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். கே.யின் சட்டத்தரணி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். அரசுத் தரப்பு எழுந்து, நிபந்தனை மீறல், இன்றே தடுத்து வைக்க வேண்டும் என்றது. நீதிபதிகள் முடிவெடுக்க உள்ளே போனார்கள். இரண்டு பொலிஸ்காரர் வந்து கே.யின் இரு பக்கமும் நின்றார்கள். ஐயா பேசத் தொடங்கியதிலிருந்து அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ஐயா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நான் அவனை விடச் சொல்லித்தானே சொன்னனான். நீங்கள் சரியாச் சொன்னனீங்களோ?"

"ஓம் ஐயா. ஒண்டும் விடாமல் சொன்னனான்."