கம்பளைச் சிவப்பு

இன்று காலை பெயின்ட் தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கலகெதரையிலிருந்து ஒரு வாலிபர் பழைய டிரக்டர் ஒன்றை லொறியில் ஏற்றி வந்து, நம் கம்பளைக் கராஜ் வாசலில் அதன் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீங்கள் மௌத்தாகி நான்கு வருடமானது அவருக்குத் தெரியாது. கராஜை இப்போது நடத்தும் உங்கள் தம்பிதான் சொன்னார்.

மேலே நீலம், அதற்குக் கீழே செம்மஞ்சள். இன்னும் என்னென்ன வருமோ என்று எனக்கு ஆவல் தாங்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பொனட்டைத் தடவியே நீங்கள் வண்டியின் வயதைச் சொல்வீர்கள். மூக்கு உருண்டையென்றால் பழையது, உடம்பெல்லாம் சாம்பல். அடுத்து வந்ததற்குச் சிவப்பு பொனட், சாம்பல் வயிறு. மூக்கு சதுரமானது அதற்கும் பிறகு. "கலர் பொய் சொல்லும், தகரம் சொல்லாது" என்பீர்கள். ஊரே உங்கள் கண்ணைப் புகழ்ந்தது. அந்தக் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது உங்களைக் கட்டிக்கொண்ட எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் பெயின்ட் கலக்கும்போதெல்லாம் தேத்தண்ணியைச் சாட்டாக வைத்து நான் வருவேன். பேசாமல் நின்றால் நிறம் சரி, இருமினால் பிழை.

ஒருமுறை எனக்குக் கடும் தடிமன். நான் இருமிக்கொண்டே இருக்க, நீங்கள் சிவப்பில் மண்நிறக் கபிலத்தை ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். வண்டி செங்கல் நிறத்தில் போய் நின்றது. சொந்தக்காரர் முகத்தைச் சுளித்தபோது, முதலில் கப்பலில் வந்தது இந்த நிறம்தான் என்று அசராமல் சொன்னீர்கள். நான் வெட்கத்தில் அடுப்படிக்குள் ஓடினேன். பிறகு வந்தவர்களெல்லாம் அந்த நிறத்தையே கேட்டார்கள். கம்பளைச் சிவப்பு என்று பெயரும் வைத்தார்கள்.

கலகெதரைக்காரரும் அதுதான் கப்பலில் வந்த நிறமென்று நம்பித் தேடினார். செம்மஞ்சளுக்குக் கீழே பழுத்த மிளகாய் மாதிரி ஒரு சிவப்பு வந்தது. இதுவும் யாரோ பிறகு பூசியது என்று அதையும் வழிக்கச் சுரண்டியை வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டால் உங்கள் பெயர் நிற்கும். உண்மையான முதல் பெயின்ட் போய்விடும்.

"நிப்பாட்டுங்க மகன். அதுதான் முதல் கலர். கம்பளைச் சிவப்பு என்ட இருமல்ல வந்தது."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாலிபர் சுரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இவ்வளவு காலமும் அவருக்குப் பதிலா நீங்கதான் கலர் பாத்தீங்களா, மாமி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெயின்டை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

ரகசியத்தை உடைத்ததற்குக் கோபித்துக்கொள்ளுங்கள், தாங்கிக்கொள்கிறேன். சிவப்பு உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க சொல்ற மாதிரித்தான் ஈக்குது" என்றீர்கள். அதனால்தான் இன்னமும் பாதையில் ஒரு டிரக்டர் போனால், அதன் நிறத்தை வாய்க்குள் உங்களுக்குச் சொல்லிவிட்டே நடக்கிறேன்.