சொதியைக் கொதிக்க விடக்கூடாது

மார்ச் 1, சனி

மழை. டூருக்குப் பதினொரு பேர் வந்தார்கள், வழிகாட்டி நான். குடை கொண்டுவராத நாலு பேர், மழைக்கும் நான்தான் பொறுப்பு என்பதுபோல் பார்த்தார்கள்.

கொம்பனியின் பெயர் ‘ஒரு நகரம், நூறு அடுப்பு’. பாதை மாறுவதில்லை. டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடி, வைட்ஹால் வழியே நடந்து, பாராளுமன்றம், அபி தேவாலயம். பிறகு விக்டோரியாவில் ரயில் ஏறித் தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினால் ‘உண்மையான’ சாப்பாடு. வைட்ஹாலில் விற்பதெல்லாம் பொய்ச் சாப்பாடா? வரலாற்றில் பட்டம் வாங்கி நான் பழகியது, பதினொரு பேரை எண்ணி ரயிலில் ஏற்றிப் பதினொரு பேரை எண்ணி இறக்குவதுதான்.

பாராளுமன்றச் சதுக்கத்துப் புல்லில் 2009இல் எங்கட சனம் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி வாரக்கணக்காக இருந்து கத்தியது. எனக்குத் தந்த தாளில் அது இல்லை. ‘பத்து நிமிடம்: சிலைகள், மணிக்கூடு, படம் எடுக்க நேரம்.’

சாப்பாட்டுக் கடை தேவராசா அண்ணையுடையது. ஆறு மேசை. சமைப்பது செல்வமலர் அன்ரி. ஐம்பத்து மூன்று வயது, தனி ஆள், இங்கிலீஷில் ‘ஹலோ’வும் ‘ஹொட்’டும். தேவராசா அண்ணை ஒளிக்காமல் சொன்னார்: “நீ ஒவ்வொரு சனியும் ஆக்களைக் கொண்டுவந்தால் அவவுக்கு வேலை இருக்கு. இல்லாட்டிச் சமைக்க நானும் மனுசியும் காணும்.”

அன்ரி பக்கத்தில்தான் நின்றா. இடியப்ப உரலைத் துடைத்துக்கொண்டு.

மார்ச் 8, சனி

இன்று ஒரு பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “இவர் எப்படி இந்த நாட்டுக்கு வந்தார் என்று கேட்கமுடியுமா?” சிரித்த முகத்தோடு. நண்டுக்கறியில் எவ்வளவு மிளகாய் என்று கேட்கிற அதே குரலில்.

“என்னவாம்?” என்றா அன்ரி. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

“எப்பிடி இங்க வந்தனீங்கள் எண்டு கேக்கினம்.”

“பிளேனில எண்டு சொல்லு.”

“அது அவைக்குக் காணாது அன்ரி.”

அன்ரி பதினொரு முகத்தையும் பார்த்தா. பிறகு தேவராசா அண்ணையைப் பார்த்தா. கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு தொடங்கினா: “சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டாப் பிறகு கொதிக்க விடாதை. கையை எடுக்காமல் துழாவு. இறக்கினாப் பிறகுதான் தேசிக்காய்ப் புளி விடவேணும். முந்தி விட்டால் திரைஞ்சு போகும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: “படகில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்றார்கள். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். கரை தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டோம்.”

எங்கிருந்து வந்தது இது? பதின்மூன்று வயதில் நானும் பிளேனில் வந்தவள்தான். கேட்ட பெண் அழுதாள். அன்ரியின் கண்ணிலும் தண்ணீர், வெங்காயத் தண்ணீர்.

மார்ச் 10, திங்கள்

அஷ்வினின் அழைப்பு. கொம்பனி முதலாளி. கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் குசினித் தமிழ்: உப்பு, புளி, தேங்காய்ப்பால், இன்னும் கொஞ்சம் போடுங்கோ. மற்றதெல்லாம் இங்கிலீஷ். அந்தப் பெண் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறாளாம். “அந்தக் கதைதான் கம்சிகா நாங்கள் விற்கிறது. சாப்பாடு சும்மா.” இனி ஒவ்வொரு சனியும் கதை வேண்டுமாம்.

அன்ரியிடம் சொன்னேன். “அப்ப அடுத்த கிழமை கத்தரிக்காய்” என்றா.

மார்ச் 22, சனி

முதலாம் பால் = கடல். இரண்டாம் பால் = கரை. எங்களுடைய அகராதி வளர்கிறது.

ஏப்ரல் 5, சனி

டூர் முடிந்து பாத்திரம் கழுவ உதவினேன். இரண்டு பேரும் கைகொட்டிச் சிரிக்காத குறை. ஒரு ஆள் அன்ரியின் கையைப் பிடித்து “நீங்கள் எவ்வளவு துணிவானவர்” என்றார், அன்ரி அப்போது சொல்லிக்கொண்டிருந்தது மரவள்ளிக்கிழங்கை மூடி அவிக்கக்கூடாது என்பதை.

“உண்மையில எப்பிடி வந்தனீங்கள் அன்ரி?”

“பிளேனில எண்டு சொன்னனான்தானே.”

மேசையில் இருந்த அவவின் போன் ஒருதரம் வெளித்தது. திரையில் ஒரு பெடியனின் படம், பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு. அன்ரி போனைக் கவிழ்த்து வைத்தா. நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் கரண்டியைக் கீழே வைத்த அந்தப் பெண்தானே.

ஏப்ரல் 26, சனி

சதுக்கத்தில் 2009 பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னேன். ரயில் ஏறுவதற்குள் அஷ்வினுக்கு முறைப்பாடு போய்விட்டது. “ஆக்கள் லீவில வந்திருக்கினம். அரசியல் வேண்டாம்” என்று செய்தி.

அபிக்குள் கல்லறைகளைக் காட்டலாம். அது அரசியல் இல்லை. குசினியில் அன்ரியை அழவைக்கலாம், அதுவும் இல்லை. புல்லைக் காட்டினால் மட்டும் அரசியல்.

மே 12, திங்கள்

சிக்கல். சனிக்கிழமை அஷ்வினே வருகிறானாம், வீடியோ எடுக்கிற ஆளோடு. விளம்பரத்துக்கு. அது சரிவந்தால் அன்ரி சமைக்கிற கடைக்கு முழு வருச ஒப்பந்தம்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். “அவனுக்குச் சாப்பாட்டுச் சொல் எல்லாம் விளங்கும் அன்ரி. சொதி சொல்லேலாது.”

“அப்ப வேற சொல்லுறன்.”

“என்ன?”

“வரேக்க பாப்பம்.”

மே 17, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதவேணும்.

கமெரா, விளக்கு, பன்னிரண்டு பேர், அஷ்வின். அன்ரி இன்று வெங்காயம் வெட்டவில்லை. கையைக் கழுவித் துடைத்து, முன்னால் வந்து நின்றா. கடையில் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் சொன்னா:

“இண்டைக்குப் பதினாறு வருசம். என்ர பெடியன் யனுஷனுக்கு அப்ப பதினேழு வயசு. ஆமிக்காரர் ஒலிபெருக்கியில கூப்பிட்டவை, ஒரு நாள் இயக்கத்தில இருந்தாலும் வந்து பதியச் சொல்லி. அவன் போகமாட்டன் எண்டவன். நான்தான் முதுகில கை வைச்சுத் தள்ளினனான். பதிஞ்சிட்டு வா ராசா, நான் இதிலதான் நிக்கிறன் எண்டனான். பஸ்ஸில ஏறினாப் பிறகு யன்னலுக்குள்ளால தண்ணி கேட்டவன். போத்தில் என்ர கையில. பஸ் வெளிக்கிட்டிட்டுது.”

அவ்வளவுதான். அஷ்வின் தலையாட்டினான். ‘தண்ணி’ மட்டும் விளங்கியிருக்கும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதை எப்படிக் குடுக்கிறது? நண்டுக் கோதுக்குப் பக்கத்தில வைச்சு, விளம்பரத்துக்கு? அவனுக்கு விளங்காத சொல்லாகப் பார்த்துத்தானே அன்ரி சொன்னவா — குடுக்கிறதுக்கில்லை, மறைக்கிறதுக்கு. அப்படித்தான் நினைச்சன். படகுக் கதையைச் சொன்னேன். கடல், இருட்டு, பொத்திய வாய்கள். நல்லாச் சொன்னேன். அன்ரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

மே 18, ஞாயிறு

அஷ்வின் வீடியோவைப் பார்த்துவிட்டான். “ஃபிளாட். முந்தி அழுகிறவ என்று எழுதியிருந்தார்கள், நேற்று ஒரு உணர்ச்சியும் இல்லை. உண்மையாவே அவவுக்கு நடந்ததுதானா இது?”

போனை வைத்துவிட்டேன்.

மே 24, சனி

கடை மாறிவிட்டது. இனிச் சாப்பாடு பிரிக்ஸ்டனில், எரித்திரியாக்காரர் ஒருவரிடம். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், கதையைத் தானே சொல்கிறார். உண்மையா என்று நான் கேட்கவில்லை.

தேவராசா அண்ணை சொன்ன சொல் மாறவில்லை. அன்ரியை நிற்பாட்டிவிட்டார்.

ஏன் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்? வாடகை. வேறென்ன.

ஜூன் 8, ஞாயிறு

ஹவுன்ஸ்லோ போனேன். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அன்ரிக்குச் சலவை வேலை. அறை வாசலில் நின்றோம், இரண்டு நிமிடத்துக்கொரு விமானம் கூரையை உரசிக்கொண்டு போனது.

“பிளேனில வந்தனான். கடைசியில பிளேனுக்குக் கீழேயே கொண்டுவந்து விட்டிட்டினம்” என்றா. நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

“அண்டைக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“உன்ர வாயைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். யனுஷன் எண்டு எப்ப வரும், எப்ப வரும் எண்டு. பேர் இங்கிலீசிலயும் பேர்தானே. நீ முடிச்சிட்டாய். பேர் வரேல்லை.”

“அவங்கள் அதை விக்கிறதுக்கு... உங்களை அவங்களிட்டயிருந்து...”

“சனம் கேட்டதுதானே, எப்பிடி வந்தனீ எண்டு. பதினாறு வருசத்தில முதல் தரம் வாய் திறந்தனான். உனக்கு மட்டும் சொல்லுறதெண்டால் பாத்திரம் கழுவேக்க சொல்லியிருப்பன்.”

அடுத்த விமானம் கூரைக்கு மேலே போனது.

கம்சிகா, நீ பெரிய நியாயக்காரி. கதை விற்கிறாங்கள் என்று அஷ்வினைத் திட்டினாய். அன்ரியின் வாயைப் பொத்தியது அஷ்வின் இல்லை.

போகும்போது கேட்டேன்: “இனி எங்கயாவது சொல்லட்டே?”

“பேரைச் சொல்லு” என்றா.

ஜூன் 14, சனி

வெயில். ஒன்பது பேர். பாராளுமன்றச் சதுக்கத்துப் புல்லில் நிறுத்தினேன். ஹவுன்ஸ்லோவில் அன்ரிக்குப் பத்தரைக்கு இடைவேளை. அந்த நேரம் பார்த்து அழைத்து, அழைப்பை வெட்டாமல் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். முதலில் இந்தப் புல்லில் யார் இருந்தார்கள் என்று சொன்னேன். பிறகு ஒலிபெருக்கி, முதுகில் கை, பஸ், யன்னல், போத்தில். அன்ரி சொன்னதுபோலவே, குரலை ஏற்றாமல். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கடலும் இல்லை, படகும் இல்லை. ஒருவரும் அழவில்லை. ஒரு பெண் நிலத்தைப் பார்த்தாள். ஒருவர் கொஞ்சம் பொறுத்து, மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பிரிக்ஸ்டன் போய்ச் சேர்வதற்குள் அஷ்வினிடமிருந்து ஆறு அழைப்பு. கடைசியாக ஒரு செய்தி: இனி வரத்தேவையில்லை.

அந்தச் செய்தி வந்தது பின்னேரம். சதுக்கத்தில் நான் போனைக் காதில் வைத்தபோது, அந்தப் பக்கம் சலவை மெசின்கள் சுற்றுகிற இரைச்சல் மட்டும்தான்.

“அன்ரி? கேட்டதே?”

“ஓம்” என்றா. “பேரை ரெண்டு தரம் சொன்னாய்.”