ஐந்து டார்ச்சுக்கு ஐந்து வகைக் கட்டை

மாப்பிள்ளைக்கு,

நேற்று மாலை கரண்ட் போனதும் நிறைமாதக்காரியான என் மகள் மாடிப்படியின் பாதியில் நின்றுவிட்டாள். "அப்பா, ஏதாவது வெளிச்சம் காட்டுங்களேன்" என்றாள். நீங்கள் வாங்கிக் குவித்த டார்ச் ஐந்து. ஐந்துக்கும் ஐந்து வகை பேட்டரிக் கட்டை, எல்லாம் தீர்ந்தவை. டிராயரில் இருந்த புதுக் கட்டை எதிலும் நுழையவில்லை. தீக்குச்சி கிழித்துக் கிழித்து அவளை இறக்கினேன். நீங்கள் வந்து, "அந்தக் கறுப்பு டார்ச் ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும், மாமா" என்றீர்கள். எதிர்வீட்டுப் பூனை வாய்விட்டுச் சிரித்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

இனி இந்த வீட்டில் பென்சில் கட்டை மட்டும்தான். அது போடுகிற டார்ச் மூன்று வாங்கிவிட்டேன்: படியருகே ஒன்று, அவள் தலைமாட்டில் ஒன்று, ஆஸ்பத்திரிப் பையில் ஒன்று. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். தீர்ந்த கட்டையை வெயிலில் வைக்காதீர்கள். அது ஈரத்துணி இல்லை. மற்ற வகைகளை எல்லாம் காலையிலேயே பழைய பேட்டரி சேர்க்கும் பெட்டியில் கொட்டிவிட்டேன்.

பி.கு.: என் காது மெஷினின் பொத்தான் பேட்டரியும் அதோடு போய்விட்டது. அதை வாங்கத்தான் இப்போது கிளம்புகிறேன். கிடைக்காமல் திரும்பினால், நேற்று நடந்ததற்கு மன்னிப்பு கேட்பதைக் கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், மாடியில் இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி.